வயலுக்கு எந்தப் படலை?

கொண்டி தன் துளைக்கு நாலு விரல் கீழே நின்றது. படலையின், அதாவது வேலிக் கதவின், நுனி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தூக்கிப் பிடித்தால்தான் பூட்டலாம், தூக்க இரண்டு பேர் வேண்டும். அதனால் ஒரு கிழமையாகக் கயிற்றால் கட்டிவிட்டு வந்துகொண்டிருந்தோம். கட்டாக்காலி மாட்டுக்குக் கயிறு ஒரு பொருட்டா? கதிர் முற்றுகிற நேரம், ஒரே இரவில் வாய்க்கால் ஓரத்து இரண்டு வரவை (வரம்பு கட்டிய வயல் துண்டு) போய்விட்டது.

என் வயல் தம்பலகாமத்தில். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கிற களிமண். மச்சான் இருப்பது நிலாவெளியில், கடலோர மணல். அவருக்கு வயல் இல்லை, ஆடும் கொஞ்சம் வெங்காயமும். இரண்டு இடத்திலும் இரண்டு வருடமாகப் படலை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் கண்டதைத்தான் இங்கே வைக்கிறேன். கம்பி, குழாய் விலை ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆகவே ரூபாய்க் கணக்கு எழுதாமல், எத்தனை குழாய், எத்தனை நாள் வேலை என்றே சொல்கிறேன்.

ஏற்றி இறக்கக்கூடிய, கூட்டிக் குறைக்கக்கூடிய படலை வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறோம். ஆனால் அதற்குள் மூன்று வேறு தேவைகள் இருக்கின்றன. ஒன்று அகலம்: தினமும் போவது சைக்கிளும் லாண்ட்மாஸ்டரும் (இரண்டு சில்லு உழவு மெசின்), போகத்துக்கு ஒரு தடவை வருவது நெல் வெட்டு மெசின். மெசினின் வெட்டுவாய் மட்டுமே ஆறரை அடி வரும். வளைந்து நுழைய பத்தடிக்குக் குறையாமல் வேண்டும். இரண்டாவது உயரம்: ஆட்டுக்குட்டி கீழால் நுழையக் கூடாது, ஆனால் மாரியில் சேறும் வைக்கோலும் சேர்ந்தால் படலை அடி இடிக்கவும் கூடாது. மூன்றாவது சாய்வைத் திருத்துவது. முதல் இரண்டையும் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். என் இரண்டு வரவையைத் தின்றது மூன்றாவது.

முதலில் கம்பிப் படலை. நாலு கம்பி, நடுவில் மூன்று தடி, நுனியில் ஒரு தடி. நுனித் தடியின் அடியை வேலிக் கட்டையில் உள்ள வளையத்தில் விட்டு, தலையை இழுத்து மேல் வளையத்தில் மாட்டுவது. பன்னிரண்டு அடிக்கும் அரை நாள் வேலைதான், குழாயே தேவையில்லை. வளையத்துக்குப் பதில் ஒரு துண்டுச் சங்கிலியைப் போட்டால், கம்பி தளரத் தளர ஒவ்வொரு கண்ணியாக இறுக்கிக்கொள்ளலாம். மலிவில் இதை அடிக்க ஒன்றும் இல்லை.

ஆனால் இறுக்கமாக இருந்தால் மூடுவது கடினம், தளர்ந்தால் மாடு தலையை விட்டுப் பிரித்துவிடும். என் அம்மாவால் இதை மூட முடியாது. பத்து வயதுப் பிள்ளையாலும் முடியாது. அப்படியானால் பகலில் பாதி நேரம் திறந்துதான் கிடக்கும். திறந்தால் சுருட்டி ஓரமாக இழுத்துப் போட வேண்டும். ஒரு தடவை அசட்டையாக விட்டதில் லாண்ட்மாஸ்டர் சில்லில் சுற்றி, கம்பியை வெட்டித்தான் எடுத்தோம். முள்ளுக்கம்பியில் செய்யவே வேண்டாம். பசுவின் மடி கிழிந்தால் மிச்சம் பிடித்த காசு மருந்துக்குப் போகும். சாதாரணக் கம்பி போதும்.

இதற்கு ஒரு நல்ல இடம் உண்டு: மெசின் மட்டும் போகத்துக்கு ஒரு தடவை நுழைகிற வாய். அப்புறம் யானை வருகிற பக்கம். கந்தளாய், மொறவெவப் பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, யானையை நிறுத்துகிற படலை நம் கைக்காசில் கிடையாது. உடைபடப் போவது உறுதி என்றால், அரை நாளில் திரும்பக் கட்டக்கூடியதைப் போடுவதுதான் கணக்கு.

அடுத்தது கடப்பு. இரண்டு பக்கக் கட்டையிலும் துளை, துளைகளில் செருகிய குறுக்குத் தடிகள். பழைய தமிழில் உழலை என்பார்களே, அதுதான். பிணைச்சல் (கீல்) இல்லை, ஆகவே சாய்வதற்கு ஒன்றும் இல்லை. கட்டை ஓரிரு அங்குலம் சரிந்தாலும் தடி அது பாட்டில் கிடக்கும். உயரத்தை வேண்டியபடி மாற்றலாம் என்ற விஷயத்தில் மற்ற எதுவும் இதன் பக்கத்தில் வராது. என் மாட்டுக் காலையில் (பட்டியில்) ஐந்து தடி. கீழ் இடைவெளி ஆறு அங்குலம், மேலே போகப் போக எட்டு, பத்து, பன்னிரண்டு. ஆடு அடைக்கிற நாளில் ஐந்தும் போட வேண்டும். பால் கறந்து முடித்ததும் கீழே இரண்டைக் கழற்றினால் கன்று மட்டும் குனிந்து வெளியே புல்லுக்குப் போகும், தாய் உள்ளே நிற்கும். இந்த ஒரு வசதிக்காகவே மாட்டுக் காலைக்கு வேறெதையும் போடமாட்டேன்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. மரத்தடி மாரியில் ஊதும். துளை தடியைவிட அரை அங்குலம் பெரிதாக இல்லாவிட்டால் நவம்பரில் அது கழறாது, சுத்தியல்தான். ஒரு பக்கத் துளை முழுக்க ஊடுருவட்டும், மறுபக்கத்தில் மூன்று அங்குல ஆழம் போதும். எருமை ஒன்று இருந்தது, கொம்பால் தடியை ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு நிதானமாக வெளியே வரும். தடிக்குக் குறுக்கே ஒரு முளை செருகிய பிறகுதான் அடங்கியது. நல்ல முதிரை, பாலைக் கட்டை கிடைக்காவிட்டால் துளை போட்டு மெலிந்த கட்டையைப் பலவீனமாக்காதீர்கள். பழைய லொறி டயரை இரண்டு அங்குல வாராக வெட்டி, வளையமாக மடித்துக் கட்டையில் அடித்தால் அதுவே துளை. மழைக்கு ஊதாது, துருப்பிடிக்காது, இலவசம்.

எட்டடிக்கு மேல் கடப்பு சரிவராது. தடி தொய்யும், தடித்த தடி போட்டால் தூக்க முடியாது. அதைவிட, உர மூட்டையைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வருகிறவன் ஐந்து தடியைக் கழற்றி, உள்ளே போய், திரும்ப ஐந்தையும் போடுவான் என்று நம்புவது நம் பிழை.

இனி மச்சானின் ஆசைப் படலை: குழாய்க்குள் குழாய் ஓடி நீளுகிறது. பார்க்க அழகுதான். கடையில் போய் நின்றால் முதலில் தெரிய வேண்டியது, எந்தக் குழாய்க்குள் எது போகும் என்பது. ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. (நாகம், அதாவது சிங்க், பூசிய இரும்பு) குழாய்க்குள் ஒரு அங்குலக் குழாய் இலகுவாகப் போகும். சுற்றிவர ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடம் இருக்கும். ஒன்றரைக்குள் ஒன்றேகால் போகுமென்று நினைத்து வாங்கினால் பணம் வீண். வாயிலேயே சிக்கிக்கொள்ளும். முழுக்க நீட்டும்போதும் மூன்றடியாவது உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுனி தொங்கும். அதாவது பன்னிரண்டு அடி வாய்க்குப் பதினைந்து அடிக் குழாய், அதுவும் ஒவ்வொரு வரிசைக்கும்.

மச்சான் நாலு வரிசை வைத்தார். வெல்டிங் சூட்டில் சட்டம் கொஞ்சம் முறுகியது, நாலு குழாயும் ஒரே நேராக இல்லாமல் போனது, முதல் நாளே இறுக்கம். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் நாகப் பூச்சு உரசிப் போகும். உரசின இடத்தில் கடற்காற்றும் உப்பும். கிறீஸ் பூசினார், நிலாவெளி மணல் கிறீஸில் ஒட்டி அரத்தூள் மாதிரி ஆனது. ஒரு மாரி கழிந்து பார்த்தபோது பத்தடியில் நின்ற படலை பத்தடியிலேயே நின்றது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இன்னொன்று: ஜி.ஐ. குழாயை வெல்ட் பண்ணும்போது வருகிற வெள்ளைப் புகையை மூச்சில் எடுக்கக் கூடாது. அன்றிரவே காய்ச்சலும் குளிரும் வந்துவிடும். வெட்டவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி, பூச்சை அந்த இடத்தில் அரைத்து எடுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். எரிந்த இடத்துக்குப் பிறகு நாகம் கலந்த பெயின்ற் அடிக்காவிட்டால் துரு அங்கேதான் தொடங்கும்.

என் தீர்ப்பு: தினமும் ஓடுகிற பொருளாக இது உதவாது. வாயின் அளவு சரியாகத் தெரியாத இடத்தில் ஒரு தடவை நீட்டி, போல்ட் போட்டு அப்படியே விடுவதற்கு நல்லது.

தகரப் படலையை இரண்டு வரியில் முடிக்கிறேன். பத்தடிக்கு நாலடித் தகரத்தில், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று கிட்டத்தட்ட 50 கிலோ பாரத்தோடு தள்ளும். கச்சான் காற்று வீசுகிற காலத்தில் கையிலிருந்து பறித்துக்கொண்டு போய் அடிக்கும். 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறிய இரவு என் பக்கத்து வளவுத் தகரப் படலை கட்டையோடு போனது.

சரி, என் சாய்ந்த படலைக்கு வருவோம். அது பன்னிரண்டு அடி, ஐந்து வரிசை, நாலு முழுக் குழாய், 55 கிலோ. ஒரு வெல்டிங் கடையில் செய்வித்தது. நுனி விழுந்ததும் நான் கடையைத் திட்டினேன். பக்கத்து வயல் ஐயா வந்து பார்த்துவிட்டு, படலையைத் தொடாமல் கட்டையைத்தான் தட்டிப் பார்த்தார். “படலையில ஒரு பிழையும் இல்லைத் தம்பி. இவ்வளவு பாரத்தை இந்தக் கட்டை எப்பிடித் தாங்கும்?”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். படலையின் பாரம் நடுவில் இருக்கிறது, அதாவது கட்டையில் இருந்து ஆறடி தள்ளி. இரண்டு பிணைச்சலுக்கும் இடையில் மூன்றடி. 55 ஐ 6 ஆல் பெருக்கி 3 ஆல் பிரித்தால் 110. மேல் பிணைச்சல் கட்டையின் தலையை 110 கிலோவோடு இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கிறது. கோடையில் வெடித்துக் கிடந்த களி, மாரியில் ஊறி இளகியதும் கட்டை மெல்ல மெல்லச் சரிந்தது. வேறு மர்மம் இல்லை. (ஐயாவே கவனிக்காத ஒன்றும் இருந்தது. மூலைக்கு மூலை போகிற கம்பி தலைகீழ். கம்பிக்கு இழுக்கத்தான் தெரியும், முட்டுக் கொடுக்காது. ஆகவே மேல் பிணைச்சலில் இருந்து கீழ் நுனிக்குப் போக வேண்டும். மரச்சட்டம் என்றால் மாறி, கீழ் பிணைச்சலில் இருந்து மேல் நுனிக்கு. என் படலையில் மெல்லிய கம்பியை மரச்சட்டம் போகிற திசையில் ஒட்டியிருந்தார்கள். அழகுக்கு மட்டும்.)

இப்போது இருப்பது இப்படி. பன்னிரண்டு அடியை எட்டும் நாலுமாகப் பிரித்தேன். எட்டடி தினசரிப் படலை: ஒரு அங்குலக் குழாயில் மூன்று வரிசை, இடையில் வலைக்கம்பி, மொத்தம் இரண்டே குழாய், 27 கிலோ. அதே கணக்கில் இழுவை 36 கிலோ. மிச்ச நாலடிக்கு மரத்தட்டி, மெசின் வருகிற நாளில் மட்டும் தூக்கி வைப்பது. நடுவில் ஒரு கழற்றுக் கட்டை: நிலத்தில் கொங்கிறீட்டில் இரண்டு அங்குலக் குழாய்த் துண்டு ஒன்று, அதற்குள் இறங்குகிற ஒன்றரை அங்குலக் குழாய். கட்டையைக் கழற்றிய நாளில் துண்டின் வாயைச் சிரட்டையால் மூடுகிறோம், இல்லாவிட்டால் சேறு நிரம்பிவிடும். அகலப் பிரச்சினை ஒரு குழாயும் நீளாமல் தீர்ந்தது.

பிணைச்சலுக்குக் கடையில் விற்கிறதை வாங்கவில்லை. முக்கால் அங்குல மரைக்கம்பி (நட் ஏறுகிற புரி போட்ட கம்பி), கட்டையை ஊடுருவிப் போகிறது, இரு பக்கமும் நட். மேல் நட்டைத் திருகி அரை அங்குலம் கட்டைப் பக்கம் இழுத்தால், எட்டடி தள்ளி நுனி ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் எழும்பும். ஒரு ஸ்பனர், இரண்டு நிமிடம். நாலு விரல் விழுகிற வரை காத்திருக்க வேண்டியதில்லை. கட்டையில் நிற்கிற பிணைச்சல் முளைகளை எட்டு அங்குலம் உயரமாக வைத்தேன். இரண்டு அங்குல உயரத்துக்கு வெட்டிய குழாய் வளையங்களை அடியில் போட்டால் படலை இரண்டு இரண்டு அங்குலமாக உயரும். ஒக்டோபரில் மூன்று வளையம், பெப்ரவரியில் கழற்றிவிடுவது. மேல் முளையின் தலையில் ஒரு துளையும் அதில் ஆணியும் மறக்க வேண்டாம், மாடு கொம்பால் அப்படியே தூக்கிவிடும்.

கட்டைக்குத்தான் ஒரு முழு நாள் போனது. மூன்றடிக் குழி, அடியில் கல், அரை அடிக்கு ஒரு தடவை கிரவல் போட்டு இடித்தது. கட்டையின் தலையில் இருந்து அடுத்த வேலிக் கட்டையின் அடிக்கு இரட்டைக் கம்பி, நடுவில் ஒரு தடியை விட்டு முறுக்கி இறுக்கியது. மழை தொடங்கினால் இன்னொரு முறுக்கு. நிலாவெளி மணலில் இது போதாது. அங்கே நாலடி ஆழமும், கட்டையின் அடியில் ஒரு குறுக்குக் கட்டையும் வேண்டும். பூவரசு, சீமைக்கிளுவைக் கதியாலில் (வேலியில் நட்டு உயிரோடு வளர்கிற கட்டையில்) படலையைத் தொங்கவிடலாமா என்று கேட்பார்கள். விடலாம், வேர் பிடித்தது அசையாது. ஆனால் மரம் பருக்கப் பருக்கப் பிணைச்சலை விழுங்கும். எங்கள் பழைய வீட்டுப் படலைக் கொளுக்கி ஒன்று இன்னும் ஒரு பூவரசுக்குள் எங்கேயோ இருக்கிறது.

மச்சான் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் குழாய்ப் படலைக்குக் கிறீஸ் போட்டதுதான் பிழையாம், கறுத்த எஞ்சின் ஒயில் ஊற்றியிருந்தால் இன்றைக்கும் ஓடுமாம். போன கிழமை ஒரு போத்தல் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊற்றிவிட்டுச் சுத்தியலோடு நிற்கிறார்.