சுழலும் டிரேஸ் கோப்புகள்: ஐநோடு எண்ணா, வரிசை எண்ணா?

முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பகுதிக் காற்றாலைகளில் உள்ள லினக்ஸ் கணினிகள் அனுப்பும் டிரேஸ் தரவை (நிரல்கள் இயங்கும்போது நடப்பவற்றின் நேரவாரிப் பதிவை) நாகர்கோவிலிலுள்ள சர்வரில் பெற்று, வட்டு நிரம்பிவிடாதபடி ஓடை (தொடர்ந்து வரும் ஒரு தரவு வரிசை) ஒன்றுக்குத் தலா 64 எம்பி அளவில் 8 கோப்புகளாகச் சுழற்சியில் எழுதுகிறோம். எட்டாவது நிரம்பினால் முதலாவது அழிந்து புதிதாகத் தொடங்கும். வாசிக்கும் நிரல் எதுவரை வாசித்தது என்பதைக் குறித்துவைக்க ஐநோடு எண், வரிசை எண் என்ற இரு வழிகளையும் இயக்கிப் பார்த்த பின் வரிசை எண்ணையே தேர்ந்தோம்.

ஐநோடு எண்ணையும் (கோப்பு முறைமை ஒவ்வொரு கோப்புக்கும் தரும் அடையாள எண்) வாசித்த பைட் இடத்தையும் சேமிப்பது எளிது. கோப்பின் பெயர் மாறினாலும் தடம் தவறாது. சாதாரண லாக் கோப்புகளுக்கு இதுவே போதும். லாக் கோப்புகளைச் சுழற்றும் லாக்ரொட்டேட் நிரலின் காப்பிட்ரங்கேட் முறையை (கோப்பை நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலியாக வெட்டுவது) நாங்கள் பரிசீலிக்கவே இல்லை. நகலெடுப்பதற்கும் வெட்டுவதற்கும் இடையில் வரும் தரவு தொலையலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது, வாசிக்கும் நிரலின் இணைப்பு அறுந்து மீளும்போது என்ன ஆகிறது என்பதுதான். தென்மேற்குப் பருவக்காற்றில் ஆலைகள் முழு வேகத்தில் சுழலும் மாதங்களில்தான் டிரேஸ் மிகவும் தேவைப்படுகிறது. இணைப்பு அடிக்கடி அறுவதும் அப்போதுதான். லினக்ஸில் பயன்படும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, அழிக்கப்பட்ட கோப்பின் ஐநோடு எண்ணை அடுத்த புதிய கோப்புக்கே கொடுத்துவிடலாம். புதிய கோப்பு பழைய பைட் இடத்தைத் தாண்டி வளர்ந்திருந்தால், வாசிக்கும் நிரல் அதைப் பழைய கோப்பென்றே நம்பி நடுவிலிருந்து தொடரும். இடையில் தரவு விடுபட்டதா என்று பொறியாளர் கேட்டால் பதில் சொல்ல வழியிருக்காது.

வரிசை எண் முறையில் ஓடையின் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் (தரவுத் துண்டுக்கும்) ஏறுமுகமான 64 பிட் எண் உண்டு. ஒவ்வொரு கோப்பிலும் உள்ள மிகப் பழைய, மிகப் புதிய எண்களைச் சர்வர் அட்டவணையாக வைத்திருக்கும். லினக்ஸ் டிரேஸ் கருவியான எல்டிடிஎன்ஜியில், வலைவழி வரும் டிரேஸைப் பெற்று எழுதும் ரிலே நிரலும் இத்தகைய அட்டவணையையே வைத்திருக்கிறது. கடைசியாக வாசித்த எண்ணுக்கு அடுத்தது, எஞ்சியுள்ள மிகப் பழைய எண்ணைவிடச் சிறியதென்றால், அவ்விரண்டின் வித்தியாசமே இழந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை. பாக்கெட் முழுதும் எழுதப்பட்ட பின்னரே அதன் எண்ணை அட்டவணையில் ஏற்ற வேண்டும். இல்லையேல் பாதி பாக்கெட் வாசிக்கப்படும். எல்டிடிஎன்ஜியில் வரிசை எண் பாக்கெட்டிலேயே எழுதப்படுவதால், மின்தடைக்குப் பின் கோப்புகளைப் படித்தே அட்டவணையை மீட்டெடுக்கலாம். ஒவ்வொரு சிபியுவுக்கும் ஓடை தனி என்பதால் அட்டவணையும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

தரவை எழுதும் நிரல் நம் கையில் இல்லாத இடத்தில், பாக்கெட்டுகளுக்கு எண்ணிட வழியில்லை. அங்கே ஐநோடு எண்ணுடன் கோப்பின் தொடக்கப் பைட்டுகளின் ஹாஷையும் (அவற்றிலிருந்து கணக்கிடும் சுருக்க அடையாளம்) சேர்த்துக் காப்பதே நல்லது. ஒரே ஓடையைப் பல நிரல்கள் ஒருசேர வாசிக்கும் சூழலில் எங்களுக்குப் போதிய பழக்கமில்லை என்பதால், அதற்கும் இதே முறை பொருந்துமென்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.