எல்எம்ஆர்-400 கேபிள்: நல்ல சரக்குதான், முனையை ஒழுங்காகக் கட்டினால்

வீட்டில் ஹாம் ரேடியோ பேஸ் ஸ்டேஷன் (நிலையான வானொலி நிலையம்) வைக்கிறவர்கள் செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பார்கள். கேபிள் என்று வரும்போது மட்டும் கை இறுகிவிடும். ஆன்டெனா நிற்கும் மொட்டைமாடி பைப்பிலிருந்து அறை வரை 30 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 145 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் அந்தத் தூரத்துக்குள் ஏறக்குறைய 6 டெசிபல் தின்றுவிடும். செட்டிலிருந்து 50 வாட் கிளம்பினால் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது 12 வாட் சொச்சம். அதைவிடத் தடித்த ஆர்ஜி-213 என்றால் 27 வாட். டைம்ஸ் மைக்ரோவேவ் நிறுவனத்தின் எல்எம்ஆர்-400 போட்டால் 35 வாட். 435 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் எல்எம்ஆர்-400 இல் 27 வாட் மிஞ்சும், ஆர்ஜி-58 இல் நாலு வாட்கூடத் தேறுவது சிரமம். தூரத்து ஸ்டேஷனைக் கேட்கும்போதும் இதே இழப்புதான்.

இன்னொரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. ஆர்ஜி-58 இன் மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும், செட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் (ஆன்டெனா பக்கமிருந்து எவ்வளவு சக்தி திரும்புகிறது என்று காட்டுவது; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.7 என்றுதான் காட்டும். போகும்போது 6, திரும்பும்போது 6 டெசிபல் கேபிளிலேயே கரைந்துவிடுவதால் மீட்டருக்குத் திரும்பி வருவது சொற்பம். எல்எம்ஆர்-400 போட்டு ஆன்டெனா கழன்றிருந்தால் மீட்டர் 5-ஐத் தாண்டும். கோளாறை மறைக்காத கேபிள் என்பதே இதை வாங்கப் பெரிய காரணம்.

வெளிவிட்டம் 10.3 மி.மீ., 30 மீட்டர் சுருள் 3 கிலோ. நடுக்கம்பி 2.74 மி.மீ.; முழுச் செம்பு அல்ல, அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது. இந்த அலைவரிசையில் மின்சாரம் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும், ஆகவே அது குறையில்லை. நுரை இன்சுலேஷன்மேல் அலுமினிய ஃபாயில் ஒட்டியிருக்கும், அதன்மேல் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல். இதே 400 என்ற எண்ணைப் போட்டு வேறு கேபிள்களும் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு முனையை உரித்துப் பாருங்கள். ஃபாயில் நுரையோடு ஒட்டாமல் சட்டைபோலக் கழன்று வந்தாலோ, பின்னலின் இடுக்கு வழியே ஃபாயில் தாராளமாகத் தெரிந்தாலோ, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேபிள் கெடுவது பெரும்பாலும் கனெக்டரில். பிஎல்-259 வகைக் கனெக்டர் மழைக்குத் தாங்காது. மேலே ஆன்டெனா பக்கம் என் டைப்தான் சரி. உரிக்கும்போது பிளேடு நடுக்கம்பியைக் கீறினால் செம்பு போய் அலுமினியம் வெளியே வரும், அந்த இடத்தில் சால்டர் பிடிக்கவே பிடிக்காது. சால்டரிங் அயர்னை அதிக நேரம் வைத்தால் நுரை உருகி, நடுக்கம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பின்னலின் ஒற்றை இழை நடுக்கம்பியைத் தொட்டால் ஷார்ட். கிரிம்ப் செய்ய, அதாவது கனெக்டரைக் கேபிளோடு நசுக்கிப் பிடிக்கவைக்க, 0.429 அங்குல அறுகோண அச்சு (டை) வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கியது அன்றைக்குப் பிடித்ததுபோல் இருக்கும். காற்றில் ஆன்டெனா ஆட ஆடத் தளர்ந்துவிடும்.

பிறகு தண்ணீர். சீல் செய்யாத கனெக்டரைக் கழற்றி, உறையைக் கொஞ்சம் நீளவாக்கில் கீறினால் பளபளப்பாக இருந்த பின்னல் கறுத்திருக்கும், ஃபாயிலில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். பின்னல் விளக்குத்திரிபோல ஈரத்தைக் கீழே இழுத்துக்கொண்டே போகும், மேலே ஓரடி வெட்டிப் போட்டால் தீராது. நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்து இந்த வேலையை விரைவாகவே முடித்துவிடும்.

ஆகவே முதலில் பிவிசி டேப் ஒரு சுற்று. பிறகு கழற்ற நேர்ந்தால் பிசின் ஒட்டாமல் வரும். அதன்மேல் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப், அகலம் பாதியாகும் வரை இழுத்து, பாதிக்குப் பாதி ஏறும்படி கீழிருந்து மேலாகச் சுற்றவேண்டும். ஓட்டுக்கூரையில் ஓடு அடுக்குவது இப்படித்தான்; மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை உள்ளே வாங்கும். வெயிலுக்குக் காப்பாக மேலே மறுபடி பிவிசி டேப். கடைசி முனையை இழுத்து அறுக்காமல் கத்தரியால் வெட்டுங்கள், இல்லாவிட்டால் சுருங்கிப் பிரிந்துகொள்ளும். புளித்த வாடை வரும் சிலிக்கானைத் தொடவேண்டாம். அது அசிட்டிக் அமிலத்தைக் கக்கும், செம்பை அரிக்கும்.

பைப்போடு கட்ட 90 செ.மீ.க்கு ஒரு கட்டு, வெயில் தாங்கும் கறுப்பு கேபிள் டை. நுரை நசுங்கும்படி இறுக்கக்கூடாது. ஜன்னலில் நுழையும் முன் கேபிளை வளைத்துத் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

எர்த் வேலையில் சிக்கனம் கூடாது. கேபிளின் பின்னலை பைப்பின் உச்சியிலும் அடியிலும் எர்த் கிட் போட்டு இணைத்து, அறைக்குள் நுழையும் இடத்தில் மின்னலைத் தரைக்குத் திருப்பும் அரெஸ்டர் வைக்கவேண்டும். 16 சதுர மி.மீ. செம்புக் கம்பி, கூர்மையான வளைவில்லாமல் நேராகத் தரைக்கு. ஆன்டெனாவுக்குத் தனி எர்த் குழி தோண்டி, அதை வீட்டு எர்த்தோடு இணைக்காமல் விடுவது ஆபத்து: இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே எழும் மின்னழுத்தம் செட்டின் வழியாகத்தான் பாயும்.

நானோவிஎன்ஏ என்ற கையடக்க அளவுக்கருவியில் கேபிள் நீளம் அளந்து கோளாறு தேடுகிறவர்கள் வெலாசிட்டி ஃபாக்டரை (ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் கேபிளில் அலை ஓடுகிறது என்ற எண்) 0.85 என்று மாற்றவேண்டும். 0.66 இல் விட்டால் 30 மீட்டர் கேபிள் 23 மீட்டர் என்று காட்டும்.

இது எல்லா இடத்துக்கும் ஆன கேபிளல்ல. ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டாரான ரொட்டேட்டர் பக்கத்தில் திரும்பத் திரும்ப வளைந்தால் நடுக்கம்பி ஒடியும். அங்கே பல இழை நடுக்கம்பியுள்ள எல்எம்ஆர்-400 அல்ட்ராஃப்ளெக்ஸ் போடலாம், இழப்பு 20 சதவீதம் கூடும். செட்டின் பின்பக்கமும் அதே கதை: விறைப்பான கேபிள் சாக்கெட்டை நெம்பும், ஒரு மீட்டர் மெல்லிய ஜம்பர் (இணைப்புத் துண்டுக் கேபிள்) வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதை அதே நேரத்தில் மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் நிலையத்துக்கு இந்தக் கேபிள் வேண்டவே வேண்டாம். அலுமினிய ஃபாயிலும் செம்புப் பின்னலும் உரசுமிடத்தில், அனுப்பலும் கேட்டலும் ஒரே நேரத்தில் நடக்கையில் இரைச்சல் கிளம்பும். அதற்கு நெளிவுள்ள முழுச் செம்புக் குழாய் கொண்ட அரை அங்குல ஹார்டுலைன்தான்.