நதிக் கப்பலா, கடற்கப்பலா? கப்பல் எந்தத் துறையில் நிற்கிறது என்று பாருங்கள்

சிங்கப்பூரில் வசிப்பவர்களுக்குக் கடல்வழிச் சொகுசுப் பயணம் என்பது விமானச் சீட்டே வாங்க வேண்டியிராத விடுமுறை. மரீனா சவுத் பியர் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு சிறிது தூரம் நடந்தால், 2012இல் திறக்கப்பட்ட மரீனா பே கப்பல் முனையம் வந்துவிடும். மூன்று அல்லது நான்கு இரவுகளில் பினாங்கு, புக்கெட் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீடு திரும்பலாம். ஐரோப்பிய நதிப் பயணத்துக்கோ முதலில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பறந்தாக வேண்டும். செலவும் நூறுகளிலிருந்து ஆயிரங்களுக்குத் தாவிவிடும். இருந்தும், இங்கிருந்து புறப்படும் பெருங்கப்பல்களிலும் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கிலிருந்து ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரை செல்லும் நதிக் கப்பலிலும் போய்வந்த பிறகு, அடுத்த பயணமும் நதியில்தான் என்று எங்கள் குடும்பத்தில் முடிவாகிவிட்டது.

எல்லோரும் அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நதியில் அலை இல்லை, ஆகவே குமட்டலும் இல்லை. கடற்கப்பலில் இருக்கும் நீர்ச்சறுக்கு, பெரிய அரங்கு, சூதாட்டக் கூடம் போன்றவற்றை நதிக் கப்பலில் எதிர்பார்க்க முடியாது. சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் மேற்கொண்டு யோசிக்காமல் கடலையே தேர்ந்தெடுக்கலாம்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: கப்பல் எந்தத் துறையில் வந்து நிற்கிறது என்பது. கப்பல் பெரிதாகப் பெரிதாக அதற்கு ஆழமான துறை வேண்டும், ஆழமான துறைகளோ பெரும்பாலும் ஊரை விட்டு விலகியே இருக்கின்றன. பயண அட்டவணையில் 'பாங்காக்' என்று அச்சாகியிருக்கும். கப்பல் நிற்பது சரக்குப் பெட்டகங்கள் மலைபோல் அடுக்கிய லாம் சபாங் துறைமுகத்தில், நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஹோ சி மின் நகரம் என்றால் பூ மி, கோலாலம்பூர் என்றால் கிள்ளான், ரோம் என்றால் சிவிட்டாவெக்கியா. காலை எட்டு மணிக்குக் கப்பல் துறையை அடைந்தாலும் ஆயிரக்கணக்கானோர் இறங்கி, பேருந்தில் ஏறி, நெரிசலில் ஊர்ந்து, மாலை புறப்பாட்டுக்கு முன் திரும்பிவிட வேண்டும் என்றால், ஊரில் கழிப்பதற்கு மிஞ்சுவது மூன்று, நான்கு மணி நேரம்தான். அதிலும் ஒரு பகுதி வழிகாட்டியின் கொடியைத் தேடுவதில் போய்விடும். புக்கெட்டின் பாத்தோங் கடற்கரையில் பெருங்கப்பல்கள் கரையையே தொடுவதில்லை. தள்ளி நங்கூரமிட்டுப் பயணிகளைச் சிறு படகுகளில் அனுப்புகின்றன.

இதற்கு விதிவிலக்கு பினாங்கு. சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கி நடந்தால் சில நிமிடங்களில் லிட்டில் இந்தியா. விரும்பும்போது தேநீர், விரும்பும்போது கப்பல். கடற்பயணம் போய்வந்த நம்மவர்களில் பலர் பினாங்கைத்தான் அதிகம் புகழ்கிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். நதிப் பயணம் என்பது அந்தப் பினாங்கு வசதி ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் கிடைப்பதுதான். ஐரோப்பாவின் பழைய நகரங்கள் ஆற்றங்கரையிலேயே தோன்றி வளர்ந்தவை. நதிக் கப்பலின் அடிப்பாகம் தண்ணீருக்குள் இரண்டு மீட்டர்கூட இறங்குவதில்லை என்பதால் நகரின் மடியிலேயே அது போய் நிற்கிறது.

ரேகன்ஸ்பர்க்கில் கப்பல் நின்ற இடத்திலிருந்து பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கற்பாலம் சிறிது நடைதான். முழங்கால் வலியுள்ள என் மாமியார் எங்களோடு தேவாலயம் வரை வந்துவிட்டு, போதும் என்று கப்பலுக்குத் திரும்பி, சாப்பிட்டு ஓர் உறக்கமும் போட்டுவிட்டு, மாலையில் மீண்டும் எங்களோடு சேர்ந்துகொண்டார். லாம் சபாங்கிலிருந்து பேருந்தில் போகும் பயணத்தில் இது நடக்காத காரியம். அங்கே நாற்பது பேருக்கும் ஒரே கடிகாரம். மூத்தோரை அழைத்துச் செல்பவர்கள் கப்பலுக்குள் இருக்கும் வசதிகளை மட்டும் ஒப்பிடாமல் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பாசாவிலும் பிராட்டிஸ்லாவாவிலும் இதே கதைதான். நியூரம்பெர்க்கில் மட்டும் துறை பழைய நகரத்துக்கு வெளியே இருப்பதால் பேருந்து தேவைப்பட்டது. வியன்னாவிலும் சற்றுத் தள்ளித்தான் நிற்கும், ஆனால் அருகிலுள்ள யு1 சுரங்க ரயில் நேரே நகர மையத்துக்கே கொண்டுபோய் விடும்.

பயணமே காட்சி என்பது இன்னொரு ஈர்ப்பு. 1992இல் நிறைவுற்ற மைன்–டான்யூப் கால்வாயில் கப்பல் மதகு மதகாக (கப்பலை உள்ளே நிறுத்தி, நீரை நிரப்பியோ வடித்தோ மேலேற்றும் அல்லது கீழிறக்கும் அடைப்புகள் இவை) ஏறி, கடல் மட்டத்துக்கு மேல் 406 மீட்டர் உயரத்தை எட்டிய பிறகு மறுபுறம் இறங்குகிறது. மதகின் அகலம் 12 மீட்டர், கப்பலின் அகலம் பதினொன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சாண் இடைவெளிதான் என்பதால், சன்னலுக்கு வெளியே பாசி படிந்த ஈரச் சுவர் மெல்ல மேலேறிப் போவதைப் போல் தோன்றும். அதைப் பார்ப்பதற்கென்றே இரவில் விழித்திருந்தேன்.

நதியின் குறைகளையும் சொல்ல வேண்டும். நெருக்கடியான துறைகளில் இரண்டு, மூன்று கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்துவார்கள். கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய பால்கனி, பக்கத்துக் கப்பலின் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் ரைன் நதியில் நடந்ததைப் போல் நீர் வற்றினால், பயணத்தின் ஒரு பகுதி பேருந்துப் பயணமாகிவிடலாம். வெள்ளம் வந்தாலும் பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாது. கடற்கப்பலில் மருத்துவ அறை உண்டு. நதிக் கப்பல்கள் பெரும்பாலும் கரையிலுள்ள மருத்துவமனைகளையே நம்பியிருக்கின்றன. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குக் கடற்கப்பலே மேல். நம் ஊரிலிருந்து புறப்படும் கப்பல்களில் இந்தியச் சைவ உணவு எளிதாகக் கிடைக்கும். நதியிலோ முன்கூட்டியே சொல்லிவைத்தும் காளானும் பாலாடைக்கட்டியும் மாறி மாறித்தான் வந்தன.

விலையில் நதி அருகில் வரவே முடியாது என்றாலும், கட்டணப் பலகையை அப்படியே நம்பிவிடக் கூடாது. கடற்பயணத்தில் ஊழியர் அன்பளிப்பு, இணையம், கரைச் சுற்றுலா ஆகியவை பெரும்பாலும் தனிக் கணக்கு. நதிப் பயணத்தில் வழிகாட்டியுடனான நகர நடை பெரும்பாலும் கட்டணத்துக்குள் அடங்கிவிடுகிறது.

அலாஸ்கா, நார்வே போன்ற இடங்களில் கடலும் பனியாறும் மலையுமே காட்சி என்பதால், துறையின் தூரத்தை வைத்து நான் போடும் கணக்கு அங்கே செல்லாமல் போகலாம். அவ்வழிகளில் நான் சென்றதில்லை. ஐரோப்பா தொலைவு என்று தயங்குபவர்களுக்கு மீகோங் இருக்கிறது: ஹோ சி மின் நகரத்துக்கு இரண்டு மணி நேர விமானப் பயணம், அங்கிருந்து கம்போடியா வரை நதிவழி. அதுவும் எனக்கு நண்பர்கள் சொல்லித்தான் தெரியும். வறண்ட மாதங்களில் தொன்லே சாப் ஏரியில் நீர் குறைந்து, சியம் ரீப் வரையிலான கடைசிக் கட்டம் பேருந்துக்கு மாறிவிடும் என்பதால், பதிவு செய்வதற்கு முன் நீங்கள் போகும் மாதத்தில் கப்பல் எந்தத் துறை வரை செல்லும் என்பதை முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.