தேய மாட்டேன் என்கிற டயர்: பழைய ஃபோர்டு ஐகானும் நானும்

தேவகோட்டையில் இருக்கும் என் சிநேகிதன் பழைய ஹூண்டாய் அக்சென்ட் கார் ஒன்று வாங்கியிருக்கிறான். வாங்கிய கையோடு எனக்குப் போன். "மாப்ளே, நாலு டயரும் மொட்டை. நீ ஐகானுக்கு என்ன போட்டிருக்கே? அதையே போட்டுரவா?" என் டயரை அரை மணி நேரம் திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் "அதையே போடு" என்றேன். குழம்பிப்போய் வைத்துவிட்டான். அவனிடம் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் வண்டி 2002 ஃபோர்டு ஐகான், 1.6 லிட்டர் ராக்கம் பெட்ரோல் என்ஜின். பதினைந்து வருஷக் கெடு முடிந்து ஆர்.சி. புதுப்பித்து ஓடிக்கொண்டிருக்கிறது. பின்சீட்டில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். மைலேஜைக் கேட்டால் பேச்சை மாற்றுவேன். இதை இன்னும் விற்காமல் வைத்திருக்க எனக்கு ஒரே காரணம்தான், அதன் ஸ்டியரிங். ஃபியஸ்டா ஹேட்ச்பேக்கின் அடித்தளத்தில் இந்தியாவுக்கென்று மறைமலைநகரில் செய்த வண்டி. இப்போது வரும் கார்களில் இருக்கிற மோட்டார் வைத்த பவர் ஸ்டியரிங் இல்லை. ஆயில் பம்ப் போட்ட பழைய ஹைட்ராலிக். குன்றக்குடி தாண்டித் திருப்பத்தூர் போகிற வழியில் ஒரு வளைவில் விரலளவு திருப்பினால் மூக்கு உடனே திரும்பும். சக்கரத்துக்கு அடியில் தார் இருக்கிறதா, ஓரத்துச் சரளை இருக்கிறதா என்பது கைக்கு வந்துவிடும்.

வந்துகொண்டிருந்தது என்று எழுத வேண்டும். டயர் மாற்றும்வரைக்கும்.

பழைய டயரில் பட்டன் (தரையைத் தொடுகிற ரப்பர்க் கட்டைகள்) இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. ஆனால் பக்கச்சுவரில் நூல் நூலாக வெடிப்பு. சித்திரை வெயிலில் வாசலில் நிற்கிற வண்டிக்கு அது வரத்தான் செய்யும். இந்த ஊரில் டயர் ஓடித் தேய்வதற்கு முன்னால் காய்ந்து சாகும். ஸ்டிக்கரில் இருக்கிற அளவு 175/65 R14 (அகலம் 175 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், சக்கரம் 14 இன்ச்). இது இன்றைக்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். காரணம் ஐகான் அல்ல, டியாகோவும் பழைய அமேஸும் பிரியோவும் இதே அளவில் வந்த வண்டிகள். கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். இப்போது யோசித்தால், என் எரிச்சலின் வேரே அங்கேதான் இருக்கிறது. இந்த அளவில் டயர் செய்கிறவனுக்குக் கண்முன் நிற்பது டியாகோக்காரர். அவருக்கு வேண்டியது மைலேஜ், சத்தமில்லாத ஓட்டம், பள்ளத்தில் குலுங்காத சீட், நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஆயுள். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஸ்டியரிங்கில் தார் தெரிய வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற நான்கு பேருக்காகக் கம்பெனி தனி அச்சு போடாது.

கம்பெனி பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். போட்டால் பேச்சு முழுக்க அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும். நான் சொல்லப்போகிற குறை, 'நீண்ட ஆயுள், நல்ல மைலேஜ்' என்று விற்கிற முக்கால்வாசி டயருக்குப் பொருந்தும்.

காரைக்குடியில் டயர் கடைக்காரர் நாலையும் மாட்டி, பேலன்ஸிங் பார்த்து, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்கிற அலைன்மென்ட்டும் போட்டுத் தந்தார். "அண்ணே, இனி அஞ்சு வருஷம் இந்தப் பக்கம் வர மாட்டீங்க" என்று சிரித்தார். அன்றைக்கு அது எனக்கு வாழ்த்தாகத்தான் கேட்டது.

முதல் வாரமே தெரிந்துவிட்டது. நேராகப் போகும்போது ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைத்தால் ஒன்றும் நடப்பதில்லை. அதற்கு அப்புறம்தான் வண்டி "ம்ம், என்ன?" என்று திரும்பிப் பார்க்கிறது. திரும்பிய பிறகு பிடிப்பு நன்றாகவே இருக்கிறது, அதில் குறை சொன்னால் பொய். ஆனால் அந்த முதல் இரண்டு விரல் அகலம் செத்துக் கிடக்கிறது. ஐகானில் எனக்குப் பிடித்ததெல்லாம் அந்த இரண்டு விரலுக்குள்தான் இருந்தது.

புது டயருக்கு மேலே அச்சு எண்ணெய் இருக்கும், முதல் சில நூறு கிலோமீட்டருக்கு வழுக்கலாக இருக்கும் என்பது தெரிந்ததுதான். பொறுத்தேன். மாறவில்லை. கடைக்கே திரும்பப் போனேன். அலைன்மென்ட் திரையில் எல்லாம் பச்சை. லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கிற கையின் ரப்பர்) போயிருக்கும் என்றார் மெக்கானிக். தட்டிப் பார்த்ததில் உண்மையாகவே வலதுபக்கம் போய்த்தான் இருந்தது, இரண்டு பக்கமும் மாற்றினேன். பள்ளத்தில் வந்த டொக்டொக் சத்தம் நின்றது. அந்த இரண்டு விரல் மட்டும் உயிர் பெறவில்லை.

சந்தேகம் தீர ஒரு காரியம் செய்தேன். கழற்றிய டயரில் நல்லதாக இருந்த இரண்டைக் கார் ஷெட்டில் போட்டு வைத்திருந்தேன். அதை முன்சக்கரத்தில் மாட்டி, புதுவயல் பக்கம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து மெதுவாக ஒரு சுற்று போய் வந்தேன். வெடித்துக் காய்ந்த ரப்பர், பிடிப்பு கம்மி. ஆனால் ஸ்டியரிங் பேசியது! புஷ், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடு, அலைன்மென்ட் எல்லாம் அதே. மாறியது டயர் மட்டும்தான். அன்றோடு மெக்கானிக்கைத் தொந்தரவு செய்வதை நிறுத்தினேன். (வெடித்த டயரை இதற்கு மேல் யாரும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். நானும் அன்றைக்கே கழற்றிவிட்டேன்.)

இது ஏன் நடக்கிறது என்பது ஒன்றும் மாயம் இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் டிஸ்க் (டயர் மாட்டியிருக்கிற உலோகச் சக்கரம்) உடனே திரும்பும். தரையில் ஒட்டியிருக்கும் ரப்பர் உடனே திரும்பாது. நடுவில் பக்கச்சுவர் முறுக்கிக்கொள்ள வேண்டும், பட்டன்கள் சாய வேண்டும், அதற்குப் பிறகுதான் பக்கவாட்டு விசை பிறக்கும். பக்கச்சுவர் மெத்தென்று இருந்தால் பள்ளத்துக்குச் சுகம், திருப்பத்துக்குத் தாமதம். பட்டன் உயரமாக இருந்தால் ஆயுள் அதிகம், அதன் சாய்வும் அதிகம். புது டயரில் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும், 1.6க்கு வந்ததும் மாற்ற வேண்டும் என்பதற்கு உள்ளேயே சின்ன மேடு வைத்திருப்பார்கள். பட்டன் தேயத் தேயக் குட்டையாகும், குட்டையாக ஆக ஸ்டியரிங் கூர்மையாகும். ஆக, என் டயருக்கு மருந்து தேய்மானம்தான்.

அந்தக் கழுதைதான் தேய மாட்டேன் என்கிறது. மூன்று ஐப்பசி பார்த்தாகிவிட்டது, பாதிப் பட்டன்கூடப் போகவில்லை. உலகத்தில் டயர் தேயவில்லை என்று கோபப்படுகிற ஆள் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

காற்றை ஏற்றிப் பார்த்தேன். வழக்கமாக வைக்கிற 30 பி.எஸ்.ஐ.க்குப் பதில் முன்னால் 33, 34 வைத்தால் பாதி உயிர் வருகிறது. ஆனால் கானாடுகாத்தானிலிருந்து ஆத்தங்குடி போகிற மாதிரிச் சின்னச் சாலைகளில் ஓரம் உடைந்து கிடக்கும் இடங்களில் டேஷ்போர்டு முழுக்கக் கடகடவென்று ஆடுகிறது. இருபது வயது தாண்டிய பிளாஸ்டிக் அது. இப்போது 32இல் நிறுத்தியிருக்கிறேன். காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன்னாலோ பக்கத்து பங்கிலோ பாருங்கள். மதுரை போய் வந்து, வெயிலில் காய்ந்த டயரில் பார்த்தால் மூன்று நாலு கூடுதலாகத்தான் காட்டும். அதை நம்பி இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் சப்பையாக நிற்கும். நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்டால், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான் என்று சொல்லிவிட்டு ஓசிக் காற்றுப் பக்கம் போய்விடுவேன்.

நியாயமாகவும் பேச வேண்டும். மழையில் இந்த டயர் தங்கம். ஐப்பசியில் திருமயம் பக்கம் சாலை நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கையில், முன்னால் போன வேன் சட்டென்று நின்றுவிட்டது. பிரேக்கை மிதிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் பார்க்கிற ஏ.பி.எஸ். என் வண்டியில் கிடையாது. மிதித்தேன், கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. பழைய டயராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன், இல்லை எழுதியே இருக்க மாட்டேன். தை மாதத்தில் பழனிக்கு நடந்து போகிற கூட்டம் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் என்று சாலை ஓரம் முழுக்க இருட்டில் போய்க்கொண்டிருக்கும். அந்த நாட்களில் பிரேக்கில் கால் வைக்கும்போது நம்பிக்கை இருப்பது பெரிய விஷயம்.

பஞ்சரும் அபூர்வம். இந்தப் பக்கம் சீமைக்கருவேல முள்ளுக்குப் பயப்படாத டயரே கிடையாது. வண்டியை மரத்தடியில் ஒதுக்கினால் முள்ளோடுதான் திரும்பும். தடிமனான பட்டன் என்பதால் பாதி முள் உள்ளே போகாமலே ஒடிந்துவிடுகிறது. மேலூர் தாண்டி நாலுவழியில் ஏறினால் சத்தமே இல்லை. எங்கள் ஆத்தா பின்சீட்டில் மதுரை வரைக்கும் தூங்கிக்கொண்டே வருகிறார்கள். "இப்பத்தான்டா வண்டி வண்டி மாதிரிப் போகுது" என்பது அவர்கள் தீர்ப்பு. முன்பு குன்றக்குடி வளைவுகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிடுவார்கள். இப்போது கூப்பிடுவதில்லை. வீட்டில் ஓட்டுப் போட்டால் இந்த டயர் ஜெயித்துவிடும், எனக்கு டெபாசிட் போய்விடும்.

அடுத்து என்ன போடுவேன்? 185/60 R14. கணக்கு இதுதான். 175/65 R14இன் மொத்த விட்டம் சுமார் 583 மி.மீ., 185/60 R14க்குச் சுமார் 578. ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். ஸ்பீடோமீட்டர் ஒரு துளி கூடுதலாகக் காட்டும், வண்டி மூன்று மில்லிமீட்டர் இறங்கும். நம் ஊர் வேகத்தடைகளில் ஏற்கெனவே அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டு போகிற வண்டிக்கு அந்த மூன்று மில்லிமீட்டரும் வலிக்கும், ஆனால் சமாளிக்கலாம். பக்கச்சுவர் கொஞ்சம் குட்டை, தரையைத் தொடும் அகலம் கொஞ்சம் கூட. 195/60 வேண்டாம், திருப்பி நிறுத்தும்போது ஸ்டியரிங் கனக்கும், முழுசாகத் திருப்பினால் உரசவும் வாய்ப்பு உண்டு. அளவு மட்டும் பார்த்தால் போதாது. அதே 185/60இல் மெத்தை டயரும் இருக்கிறது. கடையில் டயரை நிற்க வைத்து, பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஓரத்துப் பட்டன்கள் தனித்தனித் துண்டாக இருக்கிறதா, ஒன்றோடொன்று சேர்ந்து திடமாக இருக்கிறதா என்று பாருங்கள். வேகக் குறியீடு T என்றால் 190 கிலோமீட்டர் வரை, H என்றால் 210 வரை. நம் சாலையில் அந்த வேகம் எதற்கு என்று கேட்பீர்கள். வேகம் வேண்டாம், H போட்ட டயரின் உடம்பு பெரும்பாலும் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், எனக்கு அதுதான் வேண்டும்.

அமேஸ் அலாய் சக்கரம் மலிவாக வருகிறதே, டயரோடு வாங்கிவிடலாமா என்று ஒருத்தர் கேட்டார். டயர் அளவு ஒன்றுதான், போல்ட் துளை வேறு. ஐகானுக்கு நாலு துளை 108 மி.மீ. வட்டத்தில், அமேஸுக்கு 100. ஏறாது.

தேவகோட்டைக்காரனுக்கு: உன் அக்சென்ட் அளவு 175/70 R13. நான் போட்டிருக்கிற அதே டயர் அந்த அளவிலும் வருகிறது, அதைப் போட்டுக்கொள். உனக்கு வேண்டியது குடும்பத்தை மதுரை ஏர்போர்ட்டில் பத்திரமாக இறக்குவது. ஸ்டியரிங்கோடு பேசிக்கொண்டிருப்பது என் நோய். ஆனால் 13 இன்ச் இப்போது மெதுவாக விற்கிற அளவு, கடையில் கிடந்த சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. ஒரு வருஷத்துக்கு மேல் பழசு என்றால் வேறு எடுக்கச் சொல். காசு இடித்து இரண்டு மட்டும் மாற்றுவதாக இருந்தால் புதுசைப் பின்னால் போடு. முன்னால்தான் போட வேண்டும் என்று கடையில் எல்லாரும் சொல்வார்கள், கேட்காதே. மழையில் முன்பக்கம் வழுக்கினால் கால் எடுத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வயலுக்குள்தான்.

எனக்கு: பிரேக் பத்துக்கு ஒன்பது, ஆயுள் பத்துக்குப் பத்து, அமைதி பத்துக்கு ஒன்பது. இன்னொரு தடவை வாங்குவேனா? மாட்டேன். தேய்கிற வரைக்கும் காத்திருக்கவும் இனிப் பொறுமை இல்லை. காரைக்குடி, புதுக்கோட்டைப் பக்கம் டியாகோவோ அமேஸோ வைத்திருக்கிறவர்கள் 175/65 R14 தேடினால் சொல்லுங்கள். பாதிக்கு மேல் பட்டன் இருக்கிற நாலு டயர், ஒரு பஞ்சர் கூட ஒட்டாதது, பேசி எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வண்டிக்கு இதைவிட நல்லது கிடைக்காது, சத்தியமாகச் சொல்கிறேன்.