நடக்க முடிகிறதே என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள்

61 வயதில் ஹாக்கி மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்குக் காயம் படுவதில் வியப்பு ஒன்றும் இல்லை. அதற்காக நான் யாரையும் குறை சொல்லப் போவதில்லை. காயம் பட்ட மறுநாளே விளையாட்டுக் காயங்களுக்கென்றே நடத்தப்படும் ஒரு சிகிச்சை மையத்துக்குப் போயும், பத்து நொடியில் கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரு கிழிசலை அவர்கள் ஐந்து வாரம் தசைப்பிடிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்ததையும், அதன் பிறகு அறுவை சிகிச்சைக்கு மேலும் ஐந்தரை வாரம் நான் காத்துக்கிடந்ததையும் பற்றித்தான் இந்தப் பதிவு. என் புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் எந்தப் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

மூத்தோர் ஆட்டம் ஒன்றின் மூன்றாவது கால்பகுதியில் எதிரணிக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. முகக்கவசம் மாட்டிக்கொண்டு கோல் கோட்டுக்குப் பின்னால் நின்று, பந்து தள்ளப்பட்ட கணத்தில் அடிப்பவரை நோக்கிப் பாயும் முதல் ரஷ்ஷர் வேலை என்னுடையது. இந்த வயதில் அதை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் கேட்கலாம், என் மனைவியும் கேட்டார். இடது காலை ஊன்றி உந்திய அந்த முதல் எட்டிலேயே, குதிகாலுக்குச் சற்று மேலே யாரோ மட்டையால் ஓங்கி அடித்தது போல இருந்தது. பட்டென்று ஒரு சத்தமும் கேட்டது. கோல்கீப்பர்தான் அடித்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பி அவரைத் திட்டியும் விட்டேன். அவரோ இரண்டு மட்டை நீளத்துக்கு அப்பால், கையுறையை உயர்த்தியபடி, ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் யாருமே இல்லாதபோது பின்னாலிருந்து அடிபட்டதாக உணர்வதுதான் குதிநாண் அறுந்ததற்கான முதல் அடையாளம் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அந்தத் தடித்த தசைநாணை ஆங்கில மருத்துவத்தில் அக்கிலீஸ் என்பார்கள். மறுநாள் நான் அந்த மையத்தில் நடந்ததை இதே சொற்களில்தான் சொன்னேன். சொன்னதைக் கேட்ட மருத்துவர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எலும்பு முறியவில்லை என்று தெரிந்ததும் பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தச் சொன்னார், ஓரளவு அழுத்தினேன். நடக்கச் சொன்னார், நொண்டி நொண்டி நடந்தேன். "நடக்க முடியுதே சார், கிழிஞ்சிருந்தா எழுந்து நிக்கவே முடியாது. இந்த வயசுல தசை இறுகிப்போய் இப்படி ஆகும், பயப்படாதீங்க" என்றார். கெண்டைச் சதைப் பிடிப்பு என்று எழுதிக்கொடுத்து, 12 பிசியோதெரபி அமர்வுகளுக்கான பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள், கட்டினேன். அவர் என் காலைத் தொட்டது வீக்கத்தைப் பார்த்த அந்த ஒரு முறைதான்.

நடக்க முடிந்தால் குதிநாண் கிழியவில்லை என்பது தவறு, அதுவும் ஆபத்தான தவறு. பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தக் கெண்டைச் சதை மட்டும் இல்லை. கால்விரல்களை மடக்கும் தசைகளும் கணுக்காலின் இருபுறமும் இறங்கும் தசைகளும் அந்த வேலையில் ஒரு பங்கைச் செய்கின்றன, ஆகவே நாண் முழுவதும் அறுந்த பிறகும் ஒருவர் சமதரையில் மெல்ல நடந்துவிடலாம். கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் 2013 ஏப்ரலில், தம் 34ஆம் வயதில், ஆட்டத்தின் நடுவே குதிநாண் அறுந்த பிறகும் கோட்டருகே நடந்து வந்து இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் வளையத்தில் போட்டுவிட்டுத்தான் வெளியேறினார். மறுநாளே அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. உலகமே பார்த்த அந்தக் காட்சியை விளையாட்டு மருத்துவம் பார்க்கிறவர் ஒருவர் அறியாமல் இருந்திருப்பாரா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. சரியான பரிசோதனையோ 1957இல் சிம்மண்ட்ஸும் 1962இல் தாம்ப்சனும் எழுதி வைத்த காலம் முதல் எல்லா எலும்பு மருத்துவர்களுக்கும் பாடமாக இருந்து வருகிறது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, பாதங்களை மேசை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, கெண்டைச் சதையைக் கையால் அழுத்த வேண்டும். நாண் நலமாக இருந்தால் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும், அறுந்திருந்தால் அசையாது. இதற்குக் கருவி வேண்டாம், காசும் வேண்டாம்.

அடுத்த ஐந்து வாரங்களில் ஏழு அமர்வுகளுக்குப் போனேன். வெப்பம் கொடுக்கும் கருவி, நன்றாக அழுத்தித் தேய்ப்பது, பிறகு பாதத்தில் ஒரு பட்டையை மாட்டி என்னை நோக்கி நானே இழுத்து நீட்டும் பயிற்சி. அறுந்த நாணின் இரு முனைகளையும் ஒன்றைவிட்டு ஒன்றை மேலும் விலக்குகிற வேலையை, காசு கொடுத்து, அன்றாடம் எண்ணிக்கை வைத்து, வீட்டிலும் தவறாமல் நானே செய்தேன் என்பதை நினைக்கும்போதுதான் மற்ற எல்லாவற்றையும்விட வயிறு எரிகிறது. மூன்றாவது அமர்வில் தேய்த்துவிட்ட இளம் பிசியோதெரபிஸ்டின் கட்டைவிரல் குதிகாலுக்கு நான்கு விரல் மேலே சட்டென்று உள்ளே இறங்கியது. "இங்க கொஞ்சம் பள்ளமா இருக்கே அங்கிள்" என்று கையை நிறுத்தினார். பெரியவரைக் கேட்டுவிட்டு வந்து, வீக்கம் வடியும்போது அப்படித்தான் இருக்குமாம் என்று சொல்லித் தொடர்ந்து தேய்த்தார். அந்தப் பெண்ணின் மீது எனக்குக் கோபமில்லை. அந்த இடத்தில் என் நோயைச் சரியாகத் தொட்டவர் அவர் ஒருவர்தான்.

படியேறும்போது இடது கால் பின்தங்குவதும், பரணில் இருக்கும் ஒன்றை எடுக்க நுனிக்காலில் எழும்ப முடியாமல் போனதும் என்னை வேறொரு எலும்பு மருத்துவரிடம் கொண்டுபோயின. அவர் நான் கதையை முடிக்கும் முன்பே குப்புறப் படுக்கச் சொன்னார். வலது கெண்டையை அழுத்தினார், பாதம் துள்ளியது. இடதை அழுத்தினார், யாருடைய பாதமோ அங்கே கிடப்பது போல அது சும்மா கிடந்தது. "எத்தனை வாரமாச்சு?" என்று மட்டும் கேட்டார். எம்.ஆர்.ஐ.யில் இரு முனைகளுக்கும் நடுவே 6 செ.மீ. இடைவெளி இருந்தது. கடந்த சில வாரங்களில் ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா என்று அவர் கேட்டபோதுதான், ஆட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு சிறுநீர்த் தொற்றுக்காக லெவோஃப்ளாக்சசின் எடுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. அந்த வகை மருந்துகள் தசைநாண்களைப் பலவீனப்படுத்தி அறுத்துவிடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அவற்றின் மீது அச்சிட வைத்தது. 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அபாயம் கூடுதல். என் கால் அறுந்ததற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. முதல் மையத்தில் வயதைச் சொல்லிக் காட்டியவர்கள், அந்த வயதுக்காரரிடம் கேட்க வேண்டிய இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்கிறேன்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். புதிதாக அறுந்த குதிநாண் எல்லாவற்றையும் தைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டுப்போட்டு, பிறகு பூட் அணிவித்து, முறையான பயிற்சியோடு தைக்காமலே பலரைக் குணப்படுத்துகிறார்கள், பலனும் பெரும்பாலும் ஒத்துத்தான் வருகிறது. ஆனால் தைத்தாலும் தைக்காவிட்டாலும் அது உடனே தொடங்கப்பட வேண்டும், ஏனென்றால் நாலைந்து வாரம் கடந்துவிட்டால் கெண்டைச் சதை மேலே சுருங்கிக்கொள்கிறது, இடைவெளியில் வலுவற்ற தழும்புத் திசு நிரம்பிவிடுகிறது, முனைகளை இழுத்து நேராக ஒட்டவைக்க முடிவதில்லை. எனக்கு இரண்டு வழியுமே அடைபட்டுப்போனது.

அதற்கு மேல் அறுவை சிகிச்சைக்கான இழுத்தடிப்பு. பெரிய மருத்துவமனையில் என் பெயரை அவசரமற்றவர்கள் பட்டியலில் சேர்த்தார்கள். முதல் தேதியன்று வெறும் வயிற்றோடு காலை முதல் படுத்திருந்தவனை, அறை காலியில்லை என்று பிற்பகலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது தேதியைக் காப்பீட்டு நிறுவனம் நிறுத்திவைத்தது: முதல் மையத்தின் தாளில் தசைப்பிடிப்பு என்றிருக்க, இப்போது நாண் அறுந்தது என்று வருகிறதே, இது பழைய நோயா, புதுக் காயமா என்று விளக்கம் கேட்டார்கள். ஒரு தவறான வரி எத்தனை தூரம் ஓடி வந்து காலை வாருகிறது பாருங்கள். விளக்கக் கடிதம் போய், பதில் வந்து, மூன்றாவது தேதி கிடைத்தபோது காயம் பட்டுப் பத்தரை வாரம் ஆகியிருந்தது.

அறுவை சிகிச்சையில் கால் கட்டைவிரலை மடக்கும் தசைநாணை எடுத்துக் குதிகால் எலும்பில் பொருத்தி, இல்லாமல் போன நாணின் வேலையை அதைச் செய்ய வைத்தார்கள். பாதம் கீழ்நோக்கிய நிலையில் மாவுக்கட்டு, பிறகு குதிகாலுக்குக் கீழே ஆப்புகள் அடுக்கிய பூட், சில நாட்களுக்கு ஒன்றாக அந்த ஆப்புகளை எடுத்துவிடுவது, கால் அசையாமல் கிடப்பதால் இரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி என்று மாதங்கள் போயின. அந்த மருத்துவரின் கைவேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

தேறிய பிறகு முதல் மையத்தில் என் மருத்துவக் குறிப்புகளின் நகலை எழுத்து மூலம் கேட்டேன். மூன்று நினைவூட்டல்களுக்குப் பின் வந்த தாளில், முதல் நாள் தேதியின் கீழே, "கெண்டைச் சதை அழுத்தப் பரிசோதனை: இயல்பு" என்று அச்சாகியிருந்தது. அன்று நான் அந்த அறையில் படுக்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, நடந்து, வெளியே வந்தேன், உடன் வந்த என் மகனும் அதற்குச் சாட்சி. மீதமிருந்த ஐந்து அமர்வுகளின் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பணம் தரும் வழக்கமில்லை, வேண்டுமானால் குடும்பத்தில் யாருக்காவது முழங்கால் வலி இருந்தால் அவர்கள் பெயருக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள்.

என் வயதில் இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்கள், பின்னால் யாருமில்லாமல் பின்னங்காலில் அடிபட்டதாகத் தோன்றினால், ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்த முடியாமல் போனால், குப்புறப் படுக்கவைத்துக் கெண்டையை அழுத்திப் பாருங்கள் என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்; சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் எக்ஸ்ரேயில் நாண் தெரியாது. முடிவு தெரியும்வரை யாரும் அதை நீட்டவோ தேய்க்கவோ விடாதீர்கள். பார்த்த அன்றே குறிப்பின் நகலைக் கையில் வாங்கிக்கொண்டு, அதில் எழுதியிருப்பது உண்மையில் நடந்ததா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். அமர்வுகளுக்கு மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். அறுவை சிகிச்சைத் தேதியைத் தள்ளினால், தள்ளும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். என்னிடம் அந்தக் கடிதங்கள் இல்லாததால் ஐந்தரை வாரக் கணக்கை இப்போது தொலைபேசி அழைப்புகளின் பட்டியலை வைத்து நிரூபித்துக்கொண்டிருக்கிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்து 11 மாதம் ஆகிறது. நடக்கிறேன், மெதுவாக ஓடவும் செய்கிறேன். ஆனால் இடது காலில் மட்டும் நின்று எழும்பினால் குதிகால் ஒரு விரற்கடை உயர்ந்து நடுங்கிவிட்டு இறங்கிவிடுகிறது. கட்டைவிரல் நுனி மடங்காததால் அந்தக் காலின் செருப்பு அடிக்கடி கழன்று பின்னால் தங்கிவிடும். இப்போது ஆட்டங்களுக்கு எல்லைக்கோட்டுக்கு வெளியே நேரம் குறிக்கப் போகிறேன், பெனால்டி கார்னர் வந்தால் மட்டும் அந்தக் கோல்கீப்பர் கையுறையை உயர்த்தி என்னைப் பார்ப்பார்.