மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை: ஏழு மாதம் கொடுத்துப் பார்த்த ஒரு அப்பா எழுதுவது

என் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அவனுக்கு ஏ.டி.எச்.டி என்று போன வருடம் தெரிந்தது; ஓரிடத்தில் உட்காரவும் கவனத்தை ஒன்றில் வைக்கவும் முடியாமல் போகும் குறை அது. அதற்குக் கொடுக்கும் இந்த மாத்திரையைத் தொடங்குவதற்கு முன்னால், பிள்ளைக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் யாராவது தமிழில் எழுதியிருக்கிறார்களா என்று ராத்திரி ராத்திரியாகத் தேடினேன். கண்ணில் பட்டதெல்லாம் பயமுறுத்தல்தான். அதனால் நானே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை, வீடு வாலாஜாவில்.

யு.கே.ஜியிலிருந்தே டைரியில் சிவப்பு மையில் ஒரே வரிதான்: உட்காருவதில்லை, கவனிப்பதில்லை. ஒரு வருடத்தில் ஆறு தண்ணீர் பாட்டில் தொலைத்தான். முன்பு படித்த பள்ளியில் டி.சி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நானும் அவனை அடித்திருக்கிறேன். வேண்டுமென்றே செய்கிறான் என்றுதான் அப்போது நினைத்தேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சை அடைக்கிறது.

வேலூரில் எங்கே காட்டுவது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சி.எம்.சியின் மனநல மையம் ஊருக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் இல்லை, பாகாயத்தில் இருக்கிறது. எங்கே காட்டினாலும் குழந்தைகள் மனநலம் பார்க்கும் டாக்டரிடம் காட்டுங்கள். நாங்கள் பார்த்த டாக்டர் ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதித் தரவில்லை. எங்களுக்கு ஒரு படிவம், வகுப்பு ஆசிரியைக்குத் தனியாக ஒரு படிவம். வீட்டிலும் பள்ளியிலும், இரண்டு இடத்திலும் தொந்தரவு தெரிந்தால்தான் ஏ.டி.எச்.டி என்று சொல்ல முடியுமாம். காது, கண் சோதித்தார்கள். வீட்டில் நாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதெல்லாம் மட்டும் போதாது என்று தெரிந்த பிறகுதான் மாத்திரைப் பேச்சு வந்தது. குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேட்டு, ரத்த அழுத்தம், எடை, உயரம் எல்லாம் குறித்துக்கொண்டார்கள்.

முதலில் 5 மில்லிகிராம், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஒரு சனிக்கிழமை தொடங்கினோம், நாள் முழுக்கக் கூடவே இருந்து பார்க்கலாம் என்று. அரை மணி, முக்கால் மணியில் வேலை செய்யத் தொடங்கி சுமார் நாலு மணி நேரம் நிற்கும். அன்று காலை அவன் கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தான். நாலாவது கணக்கில் தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்தது. நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். பிறகு திரும்பி, விட்ட இடத்தில் பென்சிலை வைத்தான். அந்தத் திரும்பி வருவதுதான் இந்த மாத்திரை. அதற்கு முன்னால் நிமிர்ந்தான் என்றால் தெருமுனையில்தான் பிடிக்க வேண்டும். என் மனைவி எதுவும் பேசாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். அழுதிருக்கிறாள், பிறகுதான் சொன்னாள்.

அளவு சரியாவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு முறை கூட்டியபோது பையன் பேச்சே இல்லாமல் மூலையில் உட்கார்ந்திருந்தான். “புள்ள பேயறைஞ்ச மாதிரி இருக்கான்டா, எனக்கு இது வேணாம்” என்று அவன் ஆயா, அதாவது பாட்டி, சண்டைக்கு வந்தார்கள். ஆயா சொன்னது சரி. டாக்டருக்கு போன் செய்தோம், உடனே குறைத்தார். பிள்ளை மந்தமாகிவிட்டால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை, அளவு அதிகம் என்றுதான் அர்த்தம். ஆசிரியர்கள் சிலர் ‘அமைதியா இருக்கான், இதே போதும்’ என்பார்கள். விட்டுவிடாதீர்கள். அப்புறம் மத்தியான வேளை பள்ளியில் யார் கொடுப்பது என்ற தொல்லை வந்ததால், நீண்ட நேரம் நிற்கும் வகைக்கு டாக்டர் மாற்றினார். அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது. ஆயா அதைப் பொடித்து வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்கப் பார்த்தார்கள், நல்லவேளை நான் பார்த்துவிட்டேன்.

குறைகளில் பெரியது பசி. டிபன் பாக்ஸ் போனபடியே திரும்பி வரும். முதல் இரண்டு மாதத்தில் ஒரு கிலோ குறைந்தான். இப்போது மாத்திரைக்கு முன்னாலேயே நெய் ஊற்றி நாலு இட்லி. ராத்திரி எட்டரைக்கு மேல் பசி பிய்த்துக்கொண்டு வரும், அந்த நேரத்துக்குத் தோசைக்கல் அடுப்பில் தயாராக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் கத்திரிக்காயும் ராத்திரிக்கு மாறிவிட்டன. எடை திரும்பி வந்துவிட்டது. மருந்து இறங்கும் சாயங்கால நேரத்தில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுவான், கத்துவான். அந்த ஒரு மணி நேரம் வீட்டுப்பாடம் கிடையாது, சைக்கிள்தான்.

வாங்குவது இன்னொரு பாடு. இது ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது விற்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருப்பது. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். தனி உரிமம் உள்ள கடையில்தான் கிடைக்கும். வாலாஜா, ஆற்காடு, ராணிப்பேட்டை என்று அலைந்தேன். ஒரு கடையில் சீட்டைப் பார்த்துவிட்டு, “யாருக்குங்க இது?” என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கக் கேட்டார்கள். என் மகனுக்குத்தான் என்று நானும் சத்தமாகவே சொன்னேன். கடைசியில் வேலூரில் கிடைத்தது. பத்து நாள் மாத்திரை கையில் இருக்கும்போதே அடுத்த சீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள்.

இது எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். வாய்ப்பாடு சொல்லித் தராது. இரண்டு வருடம் வகுப்பில் காதில் விழாமல் போனதெல்லாம் பள்ளமாகவே இருக்கிறது. தினமும் இருபது நிமிடம் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புகிறாள். மாத்திரையைக் கொடுத்துவிட்டு பிள்ளையைத் தனியே விட்டால் பாதிப் பலன்தான்.

இந்த மாத்திரைக்கு ஐந்துக்கு நாலு மார்க் கொடுப்பேன். குறைத்த ஒன்று பசிக்கும் கடை அலைச்சலுக்கும்.

தினமும் நூற்றுக்கணக்கான ஷூக்களுக்கு லேஸ் ஓட்டை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. என் மகனுக்கு மட்டும் ஒட்டுகிற பட்டை வைத்த ஷூதான் வாங்குவேன். முடிச்சு முடியும்வரை அவன் நிற்க மாட்டான். போன மாதம் லேஸ் வைத்த ஷூ வேண்டும் என்று அவனே கேட்டான். முதல் நாள் வாசற்படியில் உட்கார்ந்து கட்டினான். இடது கால் முடிச்சு அவிழ்ந்தது. வேன் ஹாரன் அடித்தது. நான் குனிந்தேன். “இருப்பா, நானே” என்று கையைத் தள்ளிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கட்டினான்.