பில்லிங் மென்பொருள்: வாங்குவதா, ஏஐ வைத்து நாமே எழுதிக்கொள்வதா?

ஈரோட்டில் எங்களுக்கு ரெடிமேட் மொத்த வியாபாரம். பில்லிங் மென்பொருளின் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கும் நேரத்தில், கர்சர், கிளாட் கோட் போன்ற ஏஐ கருவிகள் கேட்ட நிரலையெல்லாம் எழுதித் தரும்போது சந்தா எதற்கு என்ற பேச்சு வந்தது. இரண்டையும் ஓட்டிப் பார்த்தோம். பில்லுக்கும் கணக்குக்கும் விலைக்கு வாங்கியதையே வைத்துக்கொண்டோம். எங்கள் அளவுக் கடைக்கு அதுதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து.

செலவை வைத்து முடிவெடுக்க முடியாது. ஏஐ கருவிகளின் தொடக்கச் சந்தாவே மாதம் 20 டாலர். சர்வர், பேக்கப் செலவு தனி. வசதியைப் பார்த்தால் நாமே எழுதியதுதான் முந்தும். வேண்டாத பட்டன் ஒன்றும் இருக்காது, சைஸ் வாரியாக செட் போட்டு விற்கும் எங்கள் முறை அப்படியே திரையில் வரும். முதல் வடிவம் தயாராகிற வேகமும் அசர வைக்கிறது.

ஆனால் பில்லிங் மென்பொருள் எழுதி முடிப்பதோடு தீராது. சட்டம் மாறும்போதெல்லாம் அதுவும் மாற வேண்டும். டாலியோ ஜோஹோ புக்ஸோ வேறு எதுவோ, நாம் கட்டும் பணம் இந்தப் பராமரிப்புக்கும் சேர்த்துத்தான்.

2025 செப்டம்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடியது, 22ஆம் தேதி புதிய வரி அமலுக்கு வந்தது. அதுவரை 1,000 ரூபாய்க்குள் இருக்கும் ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12. பிறகு வரம்பு 2,500 ஆனது. அதற்குள் 5, தாண்டினால் 18. கேட்க எளிதாகத் தெரியும், இரண்டு எண்ணை மாற்றினால் போதும் என்று தோன்றும். தீபாவளி முடிந்து விற்காத சரக்கு திரும்பி வரும்போதுதான் சிக்கல் புரியும். ஆகஸ்டில் 1,800 ரூபாய்க்கு விற்ற உருப்படிக்கு 12 சதவீதம் வரி போட்டிருப்போம். அது நவம்பரில் திரும்பினால், திரும்பிய சரக்குக்காக நாம் போடும் கிரெடிட் நோட்டிலும் 12தான் வர வேண்டும். நாங்கள் சோதனைக்கு எழுத வைத்த நிரலோ, வரி விகிதத்தைப் பொருளின் பெயரோடு சேர்த்து வைத்திருந்தது. விகிதத்தை மாற்றியதும் பழைய சரக்குக்கும் 5 போட்டது. அப்படியே விட்டால் ஓர் உருப்படிக்கு 126 ரூபாய் நம் கைக்குத் திரும்பாது. வாங்கிய மென்பொருள் பழைய பில் எண்ணைக் கேட்டு, அதிலிருந்த விகிதத்தையே எடுத்துக்கொண்டது.

இன்னொன்று தள்ளுபடி. 2,600 ரூபாய் உருப்படிக்குப் பில்லிலேயே 5 சதவீதம் தள்ளினால் 2,470. வரி 18லிருந்து 5க்கு இறங்கிவிடும். எதை முதலில் கழிப்பது என்ற வரிசை தப்பினால் பில்லே தப்பு.

இதையெல்லாம் ஏஐயிடம் சொன்னால் திருத்தித் தரும், நன்றாகவே திருத்தும். சொல்ல வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அங்கேதான் இடிக்கிறது. மாற்றத்துக்கு முன்பே பயிற்சி முடிந்த மாடல், இணையத்தில் தேடச் சொல்லாவிட்டால் பழைய 1,000 ரூபாய் வரம்பையே கூசாமல் எழுதும். நிரலைச் சரிபார்க்க அது எழுதும் சோதனைகளும் அதே புரிதலில்தான் இருக்கும், எல்லாம் சரி என்று பச்சை காட்டும். சந்தா மென்பொருளிலும் பிழை வரும். ஆனால் ஊரெங்கும் பல கடைகள் அதையே ஓட்டுவதால் யாராவது ஒருவர் கண்டுபிடித்துக் கத்திவிடுகிறார், நம் ஆடிட்டருக்கும் தெரிந்துவிடுகிறது.

பிரைவேட் லிமிடெட்டாகப் பதிந்தவர்களுக்கு இன்னொரு கட்டு உண்டு. யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார் என்ற தடத்தை, அணைக்கவே முடியாதபடி கணக்கு மென்பொருள் வைத்திருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. டேட்டாபேஸின் சாவியே நம் கையில் இருக்கும்போது, அந்தத் தடத்தை யாரும் தொடவில்லை என்று ஆடிட்டரை நம்ப வைப்பது கடினம்.

அதற்காக ஏஐ கருவியை ஒதுக்கிவிடவில்லை. எந்த பார்சல் எந்த லாரி ஆபீஸில் போட்டது, லாரி ரசீதின் (எல்ஆர்) எண் என்ன, ஏஜெண்டுக்கு எவ்வளவு கமிஷன் நிற்கிறது, எந்த செட் எந்த சைஸ் இல்லாமல் உடைந்து கிடக்கிறது: இவற்றுக்கு நாங்களே எழுத வைத்த சின்ன நிரல்தான் ஓடுகிறது. இதை எங்களுக்காக எந்த கம்பெனியும் செய்து தராது. தந்தாலும் கேட்கும் தொகை கட்டாது. இந்த நிரல் பில்லிங்கிலிருந்து எக்செல்லை எடுத்துப் படிக்கும், திரும்ப அதில் எதையும் எழுதாது. தவறினால் ஒரு போன் செய்து சரிபார்த்துக்கொள்ளலாம், அபராதம் வராது. கருவிக்கு எப்போதும் நகலைத்தான் தருகிறோம். 2025 ஜூலையில் அமெரிக்க முதலீட்டாளர் ஜேசன் லெம்கின், ரெப்லிட் என்ற நிரல் எழுதும் தளத்தின் ஏஐயை வைத்து வேலை செய்தபோது, எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் அது ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸையே அழித்தது.

எங்களுடையது ஒரே குடோன். பல கிளைகளும் சம்பளத்துக்கு ஒரு புரோகிராமரும் இருக்கும் இடத்தில் தராசு மறுபக்கம் சாயலாம். அந்த அனுபவம் எனக்கில்லை.

வாங்குவதென்று முடிவெடுத்தால், பணம் கட்டும் முன் ஒரு முழு ஆண்டின் பில்களை எக்செல்லில் இறக்கித் தரச் சொல்லுங்கள். பில் எண், எச்எஸ்என் (பொருளின் வகையைக் காட்டும் குறியீட்டு எண்), வரி விகிதம், தள்ளுபடி நான்கும் ஒவ்வொரு வரிசையிலும் வந்தால் வாங்குங்கள். பிடிஎஃப் மட்டும்தான் வரும் என்றால் வேறு மென்பொருளைப் பாருங்கள்.